நாற்காலி போட்டாச்சு, மச்சான்

என் அருமை மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ போன இடத்தில் தபால் வசதி உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் பிரயோசனம் இல்லை. உயிரோடு இருந்தபோதே வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அதன் முதுகில் மூக்கும் காதும் வரைந்து பழகிய ஆள் நீ. பத்திரிகையில் உன் நினைவாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆசிரியர் கூப்பிட்டு, உங்களைவிட வேறு யார் எழுதுவது என்றார். எழுதுகிறேன். பக்கத்தில் படம் எதுவும் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கீழே இருந்த மாவு மில்லை மூடிவிட்டார்கள் மச்சான். நிஜமாகத்தான் சொல்கிறேன். மில்காரர் மகன் ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ பட்டறை வைத்துவிட்டான், அப்பாவையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டான். இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றியபோது நான் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தேன். கட்டடத்தை விற்கும்வரை மாடி அறைச் சாவி உங்களிடமே இருக்கட்டும் சார் என்று மில்காரர் சொன்னார். நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மில்லுக்கு நேர் மேலே இருந்தது. கீழே மில் ஓடினால் மேலே உன் மேஜை நடுங்கும். அதனால் மில் ஓடுகிற நேரம் பென்சில் வேலை, மில் நிற்கிற நேரம் மை வேலை என்று வைத்திருந்தாய். ஆட்களுக்கு மட்டும் நீ பென்சிலே தொடமாட்டாய். மில் நின்றதும் பிரஷ்ஷை மையில் தொட்டு நேராகத் தாளில் இறக்கிவிடுவாய். மயிலாப்பூருக்கு மிளகாய்ப் பொடி அரைத்து முடித்த பிறகுதான் என் கதாநாயகிகளுக்குப் புருவம் வந்தது.

நான் அங்கே எதற்கு வந்தேன்? தொடர்கதை அத்தியாயம் கொடுக்க வந்தேன். மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன், பாதி எழுதி மீதி எழுத வராத தாள்களோடு. திங்கட்கிழமைக்குள் படம் அச்சுக்கு ப்ளாக் செய்யப் போயாக வேண்டும். நீ பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பாய். எனக்கே தெரியாது. உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு நாள்தான் ஒரு தாளை என் பக்கம் தள்ளிவிட்டாய்.

"சும்மா மோட்டுவளையைப் பாத்துகினு இருக்கியே, அந்த நாற்காலியப் போடு. ஆளை நான் குந்த வெக்கறேன்" என்றாய்.

மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. எனக்கு வரையத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்து கொய்யாப்பழத்துக்கு மார்க் வாங்கியவன். சிரிப்பாய் என்று பயந்துகொண்டே வரைந்தேன். நீ சிரிக்கத்தான் செய்தாய். ஆனால் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மில் நின்றதும், அந்தக் கோணல் நாற்காலியில் என் கதாநாயகியின் மாமியாரை உட்கார வைத்துவிட்டாய். அந்த வாரம் பத்திரிகையில் அது அச்சாகி வந்தது. என் கதை வெளியாகத் தொடங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தும், கடையில் நின்றபடியே பிரித்துப் பார்த்தது அன்றுதான். கதையைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சரியாகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். தொடர்கதை எழுதுகிறவனை யாரும் நிம்மதியாக விடமாட்டார்கள். தெருவில் பார்த்தால், அப்புறம் என்ன ஆச்சு? காய்கறிக் கடையில், அப்புறம் என்ன ஆச்சு? பனகல் பார்க்கில் நடக்கப் போனால் பின்னாலேயே வந்து கேட்பார்கள். நாற்காலியிடம் யாராவது அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்களா? நாலு கால், ஒரு முதுகு, இரண்டு கை. போட்டால் போட்டதுதான். அதற்குத் தொடரும் கிடையாது. அந்த அரை மணி நேரம் என் மண்டைக்குள் ஒரு வார்த்தைகூட இருக்காது. பிரம்புப் பின்னலை ஒவ்வொன்றாக மேலே கீழே மாற்றிப் போட்டுக்கொண்டு வருவேன், காலையிலிருந்து வராத வாக்கியம் தானாக வந்து நிற்கும். பென்சிலைப் போட்டுவிட்டுப் பேனாவை எடுப்பேன். நீ பார்த்தும் பார்க்காதது போல இருப்பாய்.

அதற்குப் பிறகு உன் படங்களில் வந்த நாற்காலி, பெஞ்சு, ஊஞ்சல், முக்காலி எல்லாம் என் கைவேலைதான். தொடர்கதையில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டேதான் அழுகிறார்கள், அதனால் எனக்கு வேலைக்குக் குறைவே இல்லை. என் நாற்காலிகளுக்கு எல்லாம் ஒரே நோய். பின்னங்கால் ஒன்று குட்டையாகவே விழும். எத்தனை சொல்லிக் கொடுத்தும் திருந்தவில்லை. "உன் நொண்டிக் காலை மூடறதுக்கே நான் பொடவையை நீளமா வுட வேண்டியிருக்கு" என்று திட்டிக்கொண்டே முந்தானையை இழுத்துவிடுவாய். அந்த முந்தானை அழகைப் பாராட்டி வாசகிகள் எழுதினார்கள். காரணம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

லோகாவுக்கும் தெரியும். உன் சம்சாரத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, முதல் காப்பியிலேயே என்னை அண்ணா என்றாள். அந்த வருஷப் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்துதான் நான் உனக்கு மச்சான், நீ எனக்கு மச்சான். இந்தப் பொங்கலுக்கும் போனேன். பழக்கதோஷத்தில் மஞ்சள் கொத்தையும் சேர்த்து வாங்கிவிட்டேன். அவள் கரும்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

உன் வழக்கம் இன்னொன்று, அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நீ தாளில் எதுவும் வரைவதற்கு முன்னால் கையெழுத்தைப் போட்டுவிடுவாய். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி. கடைசியில் போட்டால் மூலையில்தான் இடம் கிடைக்கும், ப்ளாக் செய்கிறவன் அந்த மூலையை வெட்டிவிடுவான் என்று சொல்வாய். முதலிலேயே நல்ல இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டு, அதைச் சுற்றிப் படத்தை வளர்ப்பாய். கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது.

அன்று தீபாவளிக்கு முந்தைய வாரம். என் தொடர்கதையின் நாயகி சாரதாவின் அத்தியாயம். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்காருகிறாள். நீ கையெழுத்தைப் போட்டுத் தாளை என்னிடம் தள்ளினாய். நான் நாற்காலி போட்டேன். மத்தியானம் மில்காரர் சாப்பிடப் போனபோது அதற்கு மையும் போட்டு முடித்துவிட்டாய். சாரதாவைத் தொடங்குவதற்குள் மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மயிலாப்பூரில் எல்லோர் வீட்டு முறுக்கு மாவும் அன்றைக்கே அரைபட வேண்டும் போலிருக்கிறது. வரிசை சந்து முனைவரை நின்றது. விளக்கு வைத்த பிறகும் மில் நிற்கவில்லை. நீ ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்துவிட்டு பிரஷ்ஷைக் கழுவி வைத்தாய்.

"இன்னிக்கு இவங்க வுடமாட்டாங்க மச்சான். நீ கெளம்பு. காத்தால வந்து அந்தப் பொண்ணைக் குந்த வெச்சிடறேன்" என்றாய்.

நெஞ்சில் ஏதோ பிடித்தமாதிரி இருக்கிறது என்று லோகாவிடம் சொன்னாயாம். வாயு என்று நினைத்து வெந்நீர் கொடுத்திருக்கிறாள். விடிந்தபோது நீ இல்லை. நான் தகவல் கேட்டு மந்தைவெளியில் உன் வீட்டுக்கு ஓடிவந்த அதே நேரத்தில், பத்திரிகை ஆபீஸ் ஆள் வழக்கம் போல மில்காரரிடம் சாவி வாங்கி மாடிக்குப் போயிருக்கிறார். மேஜைமேல் தாள் இருந்தது. மை காய்ந்திருந்தது. உன் கையெழுத்து இருந்தது. உன் கையெழுத்து இருந்தால் படம் முடிந்தது என்றுதானே அர்த்தம்? எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் எல்லாம் முடிந்து மறுநாள் நான் ஆபீசுக்குப் போனபோது ப்ளாக் தயார். ஆசிரியர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நின்றார். ஐயா, இது பாதிப் படம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாரதா நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று நான் எழுதியிருந்ததை, எழுந்து போய்விட்டாள் என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். வேறு யாரையாவது கொண்டு அந்த நாற்காலியில் அவளை உட்கார வைக்க எனக்கும் மனசு வரவில்லை.

பிறகு நடந்ததை நீ பார்த்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பாய். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். காலி நாற்காலியைப் பார்த்து அழுதோம் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஆட்களை வரைந்தவர் கடைசியில் ஆளே இல்லாத படம் வரைந்துவிட்டுப் போனார் என்கிறார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் அந்த நொண்டிப் பின்னங்காலைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். சாரதாவின் குடும்பம் நிலைகுலைந்ததை அந்தக் கால் காட்டுகிறதாம். என் கால் மச்சான் அது! முந்தானை வந்து மூட வேண்டிய கால்.

உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தபோது மேடையில் ஏறி உடைத்தே சொன்னேன். அது முடியாத படம், காலையில் வந்து முடிக்க வேண்டிய படம், மில் ஒரு அரை மணி நின்றிருந்தால் அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்றேன். கை தட்டினார்கள். எழுத்தாளர் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார் என்று தலைவர் பேசினார். எழுதிப் பிழைக்கிறவன் உண்மையைச் சொன்னால் அதுவும் கதையாகத்தான் போய்ச் சேருகிறது. இறங்கி வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

சாரதாவை நான் திரும்பக் கூட்டி வரவில்லை. புதிதாக வந்த ஓவியர் நல்ல பையன், நன்றாக வரைகிறான். ஆனால் அவன் வரைந்த சாரதா எனக்குத் தெரியாத பெண். அவளுக்கு என்ன பேச்சு எழுதுவது? நாலைந்து வாரத்தில் கதையை முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு மாடி அறைக்கு வந்து, நாள் பூரா நாற்காலி வரைந்துகொண்டிருந்தேன்.

நீ கேட்பாய், அதுதானே உனக்குப் பிடித்த வேலை, வரைய வேண்டியதுதானே என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பெசன்ட் நகர் பக்கம் புது வீடுகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கடற்கரைக்குப் போய் அதையும் வரைந்து பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. எழுத்து முட்டிக்கொண்டு நிற்கும்போது அதிலிருந்து ஓடிவந்து வரைந்ததால்தான் அவ்வளவு இனித்தது போலிருக்கிறது. இப்போது எதிலிருந்து ஓடிவருவது? வேலைக்குப் போகாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? மில் வேறு இல்லை. மேஜை அசைவதே இல்லை. எந்த நேரமும் மை போடலாம் மச்சான், பிரஷ்ஷை எடுக்கத்தான் ஆள் இல்லை.

இந்த நிலைமையில்தான் லோகா கேட்டாள். தெவசத்துக்கு முன்னால் சுவரில் மாட்ட உன் படம் ஒன்று வேண்டும் என்றாள். வீட்டில் இருப்பது அந்தக் கல்யாண போட்டோ ஒன்றுதான். இரவல் கோட்டில், மீசை முளைக்காத ஒரு பையன் நிற்கிறான். "இது யாரோ மாதிரி கீது அண்ணா. எங்கூடக் குடும்பம் பண்ணவரு இவர் இல்ல. நீங்கதான் அவர் பக்கத்துலயே குந்திகினு இருந்தீங்க, நீங்க போட்டுக் குடுங்க" என்றாள். ஊருக்கெல்லாம் முகம் போட்டுக் கொடுத்தவன் உன் முகத்தை ஒரு தாளில்கூடப் போட்டு வைக்கவில்லையே, ஏன்டா?

சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் தொல்லையே. இத்தனை வருஷமும் ஒரே பெஞ்சில், உனக்கு இடது பக்கத்தில், இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். உன் இடது காது எனக்குத் தெரியும். காதுக்குக் கீழே இருக்கிற மரு தெரியும். பிரஷ் பிடிக்கிற விரலில் மை இறங்கின நகம் தெரியும். உன்னை எதிரே வைத்து நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடினால் காது வருகிறது, கை வருகிறது, முகம் வரவில்லை. அகன்ற நெற்றி, கூரிய மூக்கு என்று ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். உன் மூக்கு கூரா மொண்ணையா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

எத்தனையோ தாள் கிழித்தேன். வரைய வரைய உன் முகம் வருவதற்குப் பதிலாக நீ வரைந்த முகங்கள்தான் வந்தன. ஒரு நாள் அரைமணி நேரம் பாடுபட்டு முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், என் பழைய கதையின் வில்லன் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். தெவசம் நெருங்கிவிட்டது. என்ன செய்வது? ஊரே மெச்சிய வழி ஒன்று இருந்தது. நம் மூலையில் கிடக்கிற அந்தப் பிரம்பு நாற்காலியை, நொண்டிக் கால் இல்லாமல், என் வாழ்நாளில் இல்லாத ஒழுங்கோடு வரைந்தேன். கைப்பிடியில் உன் துண்டையும் போட்டேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மந்தைவெளிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

லோகா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அண்ணா, இது நாற்காலி. நான் ஆளைக் கேட்டேன்" என்றாள்.

நான் ஏதோ உளறினேன். வாசகர்கள் அழுததைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கு அழுவறதுக்குப் படம் வேணும். எங்க வூட்ல தெனம் காலியாத்தான் கீது. அதைப் பாக்க எனக்குப் படம் எதுக்குண்ணா?" பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். குடித்தேன். தெவசத்தன்று அந்த இரவல் கோட்டுப் பையனுக்குத்தான் மாலை போட்டார்கள். நானும் அவனைத்தான் கும்பிட்டேன்.

உன்னை மேதை என்று எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீ நாற்காலியைக் காலியாக விடுகிறவன் இல்லை. ஒரு முக்காலி இருந்தால்கூட அதில் ஒரு பூனையையாவது உட்கார வைக்காமல் தாளை அனுப்பமாட்டாய். அதை உன் பேரில் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றியது. யார் நம்புவார்கள்? இதற்கும் கை தட்டுவார்கள்.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கையால் இனி நாற்காலி போடமாட்டேன். கட்டடம் விலை போகும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமை மத்தியானமும் வந்து கதவைத் திறப்பேன். உன் இடத்தில் உட்கார்ந்து, உன் வழக்கப்படி என் கையெழுத்தை முதலில் போடுவேன். லோகா ஆளைத்தான் கேட்டிருக்கிறாள், அதனால் தாளில் ஆள்தான் விழ வேண்டும், வேறு எதையும் விழ விடமாட்டேன். என் கையில் உன் முகம் வராது, நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் கையெழுத்து மட்டும் இருக்கிற வெள்ளைத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, மாம்பலத்துக்குப் பஸ் ஏறுவேன்.

குந்த வைக்கத் தெரியாத உன் மச்சான்,
லோகாவின் அண்ணன்.